அந்த ராத்திரி ஸ்டேஷன் வாசலில் எனக்குத் தெரியாமல் போனவை

திருட்டுச் சந்தேகத்தில் என் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன ராத்திரியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பத்து மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், மீதிப் பேருக்குத் தப்பும் தவறுமாகத் தெரியும், அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பையன் பெயர், ஊர்ப் பெயர், ஸ்டேஷன் பெயர் எதையும் போடப் போவதில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஒரு வழக்கில் மாட்டினால் அவன் பெயரையோ படத்தையோ பள்ளிக்கூடத்தையோ யாரும் வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது இருக்கிற விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போனது இன்னும் நிறைய இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் இறங்கி, வடகடல் பக்கமாக நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரே பையன், அப்போது அவனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். 2025 மே மாதம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். அந்தச் சமயத்தில்தான் எஞ்சின் மெக்கானிக்குகளுக்குக் கை நிறைய வேலை. லீவில் சும்மா போனை நோண்டிக்கொண்டு கிடப்பதற்கு ஏதாவது தொழில் பழகட்டும் என்று நானேதான் அவனைக் கரையோரம் இருக்கிற ஒரு எஞ்சின் ஷெட்டுக்கு அனுப்பி வைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை, இரண்டு வாரத்தில் மெக்கானிக் அவனிடம் ஒரு சாவியே கொடுத்துவிட்டார். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சர்வீசுக்கு வந்திருந்த, படகின் பின்னால் மாட்டுகிற ஒரு அவுட்போர்டு எஞ்சின் ஷெட்டிலிருந்து காணாமல் போனது. லட்சத்துக்கு மேல் விலை போகிற சாமான். பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: மெக்கானிக், அவருடைய 19 வயது மச்சினன், என் பையன். அதனால் போலீஸ் இவனைச் சந்தேகப்பட்டதை நான் இன்றைக்கும் குறை சொல்லவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் வேறு கதை.

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி இருக்கும். மஃப்டியில் இரண்டு பேர் ஒரே பைக்கில் வந்தார்கள். "சும்மா விசாரணைதாம்மா, அரை மணி நேரத்துல கொண்டாந்து விட்டுடுறோம்" என்று சொல்லி, கைலியோடு நின்ற பையனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை, எந்த ஸ்டேஷன் என்று கேட்கவில்லை, வண்டி நம்பரைக்கூடப் பார்க்கவில்லை. "சட்டை மாத்திட்டு வரட்டும்ங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அதற்கும் விடவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பிறகு எனக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு வக்கீல், வக்கீல் தம்பி என்று நான் சொல்பவர், எனக்கு விளக்கியது இது. இளைஞர் நீதிச் சட்டம் என்று 2015இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளை மேல் சந்தேகம் வந்தால், வழக்கமான போலீஸ் முறையே அவனுக்குக் கிடையாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவரை நியமித்திருக்க வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு சிறார் காவல் பிரிவு இருக்க வேண்டும், பிள்ளையிடம் பேசுவது அவர்கள் பொறுப்பு. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்ச தண்டனை மூன்று வருஷம், இந்தச் சட்டத்தின் கணக்கில் அது சின்னக் குற்றம். இப்படிப்பட்ட புகார்களில் பெரியவர்கள் யாரும் கூட்டாகச் சேராதபட்சத்தில் பிள்ளை மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பச் சூழ்நிலையைப் பற்றி ஒரு அறிக்கையும் சேர்த்து, பிள்ளைகள் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்று மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. கொடுங்குற்றம், அதாவது குறைந்தது ஏழு வருஷ தண்டனை உள்ள குற்றம், என்றால்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிற அதிகாரமே. பிள்ளையின் நன்மைக்காகவே பிடித்து வைக்க வேண்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. மஃப்டி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகளிடம் பேசும்போது போலீஸ் சீருடையில் வரக் கூடாது என்று விதியே இருக்கிறது, பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்பதற்காக. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அந்த விதியை மட்டும் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள், காரணம்தான் வேறு.

அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. 9 மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் நின்றவர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார். என் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று எழுத எனக்கு வராது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அடுத்தடுத்து இரண்டு பேரும் செத்துப்போனது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அந்தத் தகப்பனும் விசாரணை என்றுதான் போனார். நான் வாசல் வேப்பமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் பையன் இருமுகிற சத்தம் கேட்டது. சின்ன வயசிலிருந்து வீசிங் உள்ள பிள்ளை, அந்த இருமலை நான் ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன்.

அந்த நேரத்தில் நான் செய்தது, தெரிந்த ஒரு கட்சிக்காரருக்குப் போன் போட்டது. எனக்கு மாமா முறை வேண்டும். "நான் பேசிக்கிறேன்த்தா, நீ கவலைப்படாத, ஆனா கையில எட்டாயிரம் வேணும்" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். அவர் யாரிடம் பேசினார், பேசினாரா இல்லையா, எதுவும் இன்றுவரை தெரியாது. நான் செய்திருக்க வேண்டியது காசு செலவில்லாதது: 1098க்கு ஒரு கால், 112க்கு ஒரு கால். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 112க்கு அடித்து "என் மகனுக்கு 16 வயசு, ஏழரை மணிக்கு மஃப்டியில் வந்து கூட்டிட்டுப் போனாங்க, ஸ்டேஷன்ல இல்லேன்னு சொல்றாங்க" என்று சொல்லியிருந்தால் அந்த நேரம் அப்படியே பதிவாகியிருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும்தான் கழிவு. எப்போது பிடித்தார்கள் என்பதற்கே தாள் இல்லையென்றால் அந்த 24 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? நல்ல வேளையாக, பயத்தில் நான் வீட்டுக்காரருக்கு 7.52க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன், அழுகையும் உளறலுமாக. பின்னாளில் என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

பத்து மணிக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். பையனின் ஆதார் அட்டையைக் காட்டி, "சார், மைனர் பையன் சார்" என்றேன். எஸ்.ஐ. அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ஆளைப் பாத்தா இருவது வயசு மாதிரி இருக்கான், ஆதாருல எந்தத் தேதி வேணும்னாலும் போடலாம்" என்றார். அவர் சொன்ன தோரணை தப்பு, ஆனால் ஆதார் விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. வயதை நிரூபிக்கச் சட்டம் சொல்கிற வரிசை, முதலில் பள்ளிக்கூடத்துச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டு, அது இல்லையென்றால் ஊராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால்தான் எலும்பைப் படம் எடுத்து வயது பார்ப்பது. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. மார்க் ஷீட்டு வீட்டு பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதன் நகல் நாலு, பிறப்புச் சான்றிதழ் நகல் நாலு, தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு கிடக்கின்றன. போனிலும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பிள்ளை வைத்திருக்கிற எல்லாரும் இதை இன்றைக்கே செய்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. பதினொரு மணி சுமாருக்கு என்னைப் பையனிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான், கன்னம் வீங்கியிருந்தது. "நீங்களே நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா. ஒத்துக்கிட்டான்னா காலையில வீட்டுக்குப் போயிடலாம். இல்லேன்னா கேஸு, கோர்ட்டு, படிப்பெல்லாம் போச்சு. அந்த இன்னொரு பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றார் எஸ்.ஐ. அதட்டவில்லை, ரொம்ப தன்மையாகச் சொன்னார், அந்தத் தன்மையில்தான் நான் விழுந்தேன். என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எடுத்திருந்தா சொல்லிடுய்யா" என்றேன். "நான் எடுக்கலம்மா" என்றான். "எடுக்கலேன்னாலும் ஆமான்னு சொல்லிடு, நாம வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்கு மேல் அவன் "எடுக்கல" என்று சொல்லவே இல்லை. நான்கு மணி நேரமாக அத்தனை பேர் அதட்டியும் அசையாத பிள்ளையை நான் ஒரு நிமிஷத்தில் சாய்த்துவிட்டேன்.

"ஒத்துக்கிட்டா விட்டுடுறோம்" என்பது நல்ல வார்த்தை இல்லை, சட்டம் தடுத்திருக்கிற வார்த்தை. ஆசை காட்டியோ மிரட்டியோ வாக்குறுதி கொடுத்தோ போலீஸ் ஒருவரைப் பேச வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 182ஆவது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்திலும் இது இருந்ததுதான். "இன்னொருத்தன் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்பது சுத்தப் பொய். அந்த மச்சினனிடமும் இதே வசனத்தை என் பையன் பெயர் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் இப்படிப் பொய் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவு நம் சட்டத்தில் இல்லை என்றார் வக்கீல் தம்பி. அமெரிக்காவில் இல்லினாய் என்கிற மாநிலத்தில் சிறுவர்களிடம் விசாரணையில் பொய் சொல்லி வாக்குமூலம் வாங்கக் கூடாது என்று 2021இல் சட்டமே போட்டார்களாம், அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதானாம். நமக்கு இருக்கிற பாதுகாப்பு வேறு மாதிரி: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, வெள்ளைக்காரன் காலத்து 1872 சாட்சியச் சட்டத்திலேயே அது உண்டு, இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவு. ஆனால் அதில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஒருவன் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் சாட்சியமாக உள்ளே வரும்.

அதனால்தான் ஒத்துக்கொண்டதோடு முடியவில்லை. "எங்க வச்சிருக்க?" என்ற கேள்வி ஆரம்பித்தது. எடுக்காதவன் எங்கே என்று சொல்வான்? விற்றுவிட்டேன் என்றால் யாருக்கு என்று கேட்பார்கள், இன்னொருத்தர் மாட்டுவார், அதனால் யோசித்து யோசித்து "கடல்ல போட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். கடலில் என்றால் தேட முடியாதே என்று அவன் கணக்கு. வடகடல் எங்கள் பக்கம் ஆழம் கிடையாது, நெடுந்தூரம் நடந்தே போகலாம். அதிகாலை மூன்று மணிக்கு அவனைக் கரைக்குக் கூட்டிப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் டார்ச் அடித்துக் காலால் துழாவ விட்டிருக்கிறார்கள். இதை அவன் எனக்குச் சொன்னதே இரண்டு மாதம் கழித்து. எஞ்சின் எப்படிக் கிடைக்கும்.

அந்த ராத்திரி முழுக்க யாரும் எங்களுக்குச் சொல்லாத விதிகளை இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை லாக்கப்பில் வைக்கவே கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. அடிப்பதும் வற்புறுத்துவதும் ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் கூடாது. ஸ்டேஷன் என்கிற எண்ணம் வராத மாதிரி தனி இடத்தில் வைத்துத்தான் பேச வேண்டும், அப்போது அப்பா அம்மா கூட இருக்கலாம். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது. சாப்பாடு, மருந்து கொடுக்க வேண்டும். இலவச வக்கீலுக்காக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழந்தைகள் நலக் காவல் அலுவலர்கள் யார், அவர்கள் தொடர்பு எண் என்ன என்று ஸ்டேஷனில் பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு பலகை இருந்ததாக ஞாபகம். அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் படியுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுங்கள். வாதாட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், "குழந்தைகள் நல அலுவலர் யாருங்க சார், அவங்ககிட்ட நான் பேசணும்" என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே பேச்சு மாறும் என்று வக்கீல் தம்பி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதை பஞ்சாயத்துக்கு வந்தது. எஞ்சின்காரர், அதாவது எஞ்சினுக்குச் சொந்தக்காரர், வந்திருந்தார். "அறுபதாயிரம் கொடுத்துட்டா கேஸ் வேணாங்கிறாரு, பையன் எதிர்காலம் பாருங்க" என்றார்கள். பேரம் பேசி நாற்பதாயிரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அடகுக்கடை ஏது, கையில் கிடந்த ஒரு பவுன் வளையலைக் கழற்றி என் மதினியிடம் கொடுத்து, அவள் மகளிர் குழுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரசீது கிடையாது, தாள் கிடையாது, ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணிக் கொடுத்தேன். பையனிடம் எழுதாத வெள்ளைத்தாள் இரண்டில் கையெழுத்து வாங்கினார்கள், நானும் ஒன்றில் போட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு விட்டார்கள். 24 மணி நேரம் ஆக இரண்டு மணி நேரம் பாக்கி. அது தற்செயலா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாட்குறிப்பில் எங்கள் பெயரே இல்லாதபோது அதெல்லாம் கணக்கே இல்லை. கேஸ் இல்லை என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். கேஸ் இல்லை என்றால் புகாரும் இல்லை, பிடித்ததும் இல்லை, அடித்ததும் இல்லை, நான் கொடுத்த நாற்பதாயிரமும் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, கன்னத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுப் படுக்க வைத்தேன். அதுவும் தப்பு. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரிடம் யார் அடித்தார்கள் என்பதை உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்திருக்க வேண்டும். வழுக்கி விழுந்தான் என்று சொல்லிவிட்டால் பிறகு அதுதான் ஆவணம். காயம் நாலு நாளில் ஆறிவிடும், எழுத்து ஆறாது. ஒப்புதல் வாங்குவதற்காக அடிப்பது தனிக் குற்றம், ஏழு வருஷம் வரை தண்டனை உள்ளது. போலீஸ்காரருக்கும் அது பொருந்தும். எனக்கு அது உபயோகப்படாமல் போனது மஞ்சள் பற்றால்.

திங்கட்கிழமையிலிருந்து "தினமும் காலையில பையன் வந்து கையெழுத்துப் போடணும்" என்று போன். எந்த உத்தரவில் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், யூனிஃபார்ம் தைக்கிற சீசன் அது, வருஷத்தில் நான் நாலு காசு பார்க்கிற ஒரே மாதம். கடையைப் பூட்டிவிட்டு ஐந்து நாள் அவனோடு போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, "நீங்க மட்டும் வாங்கம்மா, உங்ககிட்ட ஒரு விளக்கம் கேக்கணும்" என்று கூப்பிட்டார்கள். போனேன். போக வேண்டிய அவசியமே இல்லை. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையான நோயில் கிடப்பவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், மற்றவர்களையும் எழுத்து மூலமாகத்தான் கூப்பிட வேண்டும். ஒடிசாவில் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியையே இப்படி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதை உச்ச நீதிமன்றம் 1978இல் கண்டித்திருக்கிறது. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடுகிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிற உரிமை ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று சொன்ன தீர்ப்பும் அதுதான். முதலமைச்சராக இருந்தவருக்கே அதற்காகக் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது, தையல்காரிக்கு யார் சொல்வார்கள்.

நடுவில் ஒரு வக்கீலிடம் போனேன், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஒரு போன் பேசினார், அவ்வளவுதான். கடைசியில் வழி காட்டியது என்னிடம் ஜாக்கெட் தைக்கிற ஒரு அங்கன்வாடி டீச்சர். ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றார். 15100 என்று அதற்கு ஒரு உதவி எண்ணும் உண்டு. அங்கே கொடுத்த வக்கீல்தான் நான் வக்கீல் தம்பி என்று சொல்லிக்கொண்டிருப்பவர், முப்பது வயதுகூட இருக்காது. ஆறு பக்கம் நான் சொன்னதைக் கேட்டு எழுதினார். "அக்கா, இனிமே போன் வந்தா, எழுத்துல அனுப்புங்க, வக்கீலோட வர்றோம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எஸ்.பி.க்கு ஒரு மனு பதிவுத் தபாலில் போனது, இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நகல். அதற்குப் பிறகு ஸ்டேஷனிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஒரு வாரம் முன்னால் இதைச் செய்திருந்தால் என் நாற்பதாயிரம் மிச்சம்.

ஜூன் கடைசியில் பக்கத்து மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் நகைத் திருட்டு விசாரணையில் அடிபட்டுச் செத்தது டிவியில் ஓடியது. அவரையும் தனிப்படை போலீஸ்தான் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தது. என் பையன் எழுந்து டிவியை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டான். அன்றைக்கு ராத்திரிதான் கடலில் துழாவிய கதையைச் சொன்னான். அதற்கு அடுத்த வாரம் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பைக் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது. இதை நான் முதல் வாரமே செய்திருக்கலாம், "பையனுக்கு என்னமோ" என்று ஊர் பேசும் என்று தள்ளிப்போட்டேன்.

எஞ்சின் ஜூலையில் கிடைத்தது. இரண்டு வருஷம் முன்னால் அந்த ஷெட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவன், திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த பழைய சாவியால் திறந்து எடுத்திருக்கிறான், தொண்டிப் பக்கம் விற்கப் பார்த்தபோது மாட்டினான். மெக்கானிக் பூட்டை மாற்றவே இல்லை. சாவி இதற்கு முன்னால் யார் யாரிடம் இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி. அந்த ராத்திரி என் பையனிடம் நூறு கேள்வி கேட்டார்கள், அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் "ஆமா" என்ற ஒரு பதிலை வாங்குவதற்கான கேள்விகள்தான். அன்றைக்குத் திருடனும் கிடைக்கவில்லை, எஞ்சினும் கிடைக்கவில்லை, கிடைத்தது ஒரு "ஆமா".

கேமராப் பதிவு கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். ஸ்டேஷன்களில் சத்தத்தோடு பதிவாகிற கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதியில் கேமரா பழுது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போயிருக்கிறது, அதற்குச் சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், யாராவது தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின்காரர் நல்ல மனுஷன்தான், வெட்கப்பட்டுக்கொண்டு இருபத்தெட்டாயிரம் திருப்பிக் கொடுத்துவிட்டார், பாக்கி பன்னிரண்டாயிரம் மீன் பாடு நன்றாக வந்ததும் தருகிறேன் என்கிறார். மாமாவுக்குக் கொடுத்த எட்டாயிரத்தை நான் கேட்கவில்லை, அவரும் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. யூனிஃபார்ம் சீசனில் போனது பன்னிரண்டாயிரம் இருக்கும். வளையல் இன்னும் மதினியிடம்தான் இருக்கிறது.

பையனிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல்ல?" என்று. "நீ சொல்லலேன்னா நான் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருப்பேன்மா, அப்புறம் நானே சொல்லியிருப்பேன்" என்றான். எனக்காகச் சொன்னானா, உண்மையிலேயே அப்படித்தானா, தெரியவில்லை. போன மாதம் மெக்கானிக் வீட்டுக்கு வந்து, மன்னித்துக்கொள் தம்பி என்று கையைப் பிடித்து, லீவு நாளில் வந்து வேலை பழகு என்று கூப்பிட்டார். சனி ஞாயிறு போய்வருகிறான். புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். காலையில் முதலில் போய்விட்டால் வெளியே படகு நிழலில் உட்கார்ந்து காத்திருக்கிறானாம், சாவியை மட்டும் கையில் வாங்க மாட்டேன் என்கிறான்.